சாம்பிளுக்கு வைத்த மகள்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை, தினமும் டி.வி.யில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோட்டு புதிதுபோல. "சம்பந்தி போன தடவையைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்காரு" என்றாள் என் மனைவி. இங்கே எங்களுக்குச் சோறு இறங்கி நாளாயிற்று.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பம்பும் ஜெனரேட்டரும் விற்கிறவன் நான். சுற்றி வளைத்தால் வந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் என் மகளின் படம் வந்திருக்கிறது. ஏழு மாத வயிறு, பின்னால் சோதனைக்குத் தோண்டும் எண்ணெய்க் கிணற்றின் இரும்புக் கோபுரம், கையில் ஒரு கிளாஸ் தண்ணீர். கீழே, 'நிபுணர் குழுத் தலைவரின் மருமகளே இங்குதான் வசிக்கிறார்' என்று எழுதியிருக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் எண்ணெய் தோண்டினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நாட்டுக்குக் காட்ட உங்களுக்கு என் பெண்தான் கிடைத்தாளா? கடை வாசலில் நானும் சாம்பிள் வைக்கிறவன்தான். ஆனால் இரும்பைத்தான் வைப்பேன்.

பேப்பரைப் பார்த்த மறுநாளே, உங்கள் பிள்ளை வேலை பார்க்கும் அந்தக் கிணற்று முகாமுக்குப் போயிருந்தேன். மழையில் கழிவுக் குட்டையின் கரை உடைந்து ஓடையில் கலந்ததை எந்த டி.வி.யிலும் நீங்கள் சொல்லவில்லை. அவள் வீட்டு அடுப்படிக் குழாயைத் திறந்தேன். டீசல் வாடை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டீசல் எஞ்சின் விற்றுத்தான் வீடு கட்டினேன். பேப்பரில் சிரித்துக்கொண்டு நிற்கிறாயே அம்மா என்று கேட்டேன். "அது கேன் தண்ணிப்பா. போட்டோக்காரர் கிளம்பினதும் கேனையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள். இப்போது குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறாராம் முகாம் டாக்டர். எந்தக் கல்லூரியில் படித்தாரோ! குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். என் வேனை வெளிகேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே போக வர எண்ணெய்க் கம்பெனி ஜீப்தான். அதில் என்னை ஏற்றுவார்களாம், அவளை ஏற்ற மாட்டார்களாம். முகாமில் குடியிருப்பவர் வெளியே போகத் தங்கள் குழுவின் உத்தரவு வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். வண்டிப் போக்குவரத்து கூடினால் காட்டு மிருகங்களுக்கு இடைஞ்சலாம்! ராத்திரி பகலாக அந்த இயந்திரம் இரைகிறதே, அது தாலாட்டா?

உங்கள் பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். "மக்கள் கருத்துக் கேக்கிற கூட்டம் முடியற வரைக்கும் இவ இங்கேயே இருக்கணும்னு அப்பா சொல்லிட்டாரு மாமா. இப்ப கிளம்பினா பேப்பர்காரன் சும்மா விடுவானா?" என்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளை நல்லவர். ஆனால் அப்பா என்றால் நாக்கு மடங்கிவிடுகிறது.

நாட்டுக்கு எரிபொருள் வேண்டாமா என்று மேசையைத் தட்டிக் கேட்கிறீர்கள். வேண்டும். நான் ஒன்றும் மானுக்கும் பறவைக்கும் உருகுகிற ஆள் இல்லை. கரண்ட் போகப் போக எனக்கு லாபம். ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் கம்பி என் வயதுக்கு மூத்தது. வரும் கரண்டில் பாதி வழியிலேயே ஒழுகிப் போகிறது. அதை மாற்ற ஆள் இல்லை. மாவு மில்லுக்காரர் கூரையில் சோலார் தகடு மாட்டிக்கொடுத்தேன். அன்றோடு அவர் என் கடைக்கு டீசல் எஞ்சின் கேட்டு வருவதை நிறுத்திவிட்டார். நஷ்டம் எனக்கு, நாட்டுக்கு இல்லை. அந்தக் காட்டு எண்ணெய் மொத்தமும் சேர்ந்து நாட்டுக்குச் சில மாதம்கூடத் தாங்காது என்று உங்கள் அறிக்கையிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் நான் முதலாளி ஆகவில்லை. ஓட்டைத் தொட்டியை அடைக்காமல் பூஜையறையைத் தோண்டி ஊற்றுத் தேடுகிறவனுக்கு நாங்கள் வேறு பெயர் சொல்வோம். தங்களுக்கு மரியாதை கருதிச் சொல்லவில்லை.

அதற்குள் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி கடைக்கு வந்தார். முகாமுக்கு வேண்டிய பம்பு அத்தனையும் என்னிடமே வாங்குவார்களாம். "சம்பந்தி ஐயா சொல்லித்தான் வந்தேன்" என்று இளித்தார். பொய் சொல்ல மாட்டேன், கால்குலேட்டரைக் கையில் எடுத்தேன். பிறகு மேசைக்குள் போட்டுவிட்டு, ஐயா டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பட்டும் என்றேன். வந்த வழி ஞாபகம் இருந்ததால் போய்ச் சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை நடக்கும் அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் நான்தான் பேச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஓடையில் மீன் பிடிக்கிறவர்களும் வந்து கேட்டார்கள். போதாததற்கு உங்கள் மருமகள். அன்று நான் திரும்பி வர ஜீப்பில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக யோசிக்காதீங்கப்பா. எழுந்து நின்னு பேசுங்க. நீங்க சொன்னா ஊர் கேக்கும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பேச வேண்டும் என்பதும் மனப்பாடம்.

இப்போது வியாபாரம் பேசுவோம். வியாழக்கிழமை காலை என் வேன் வெளிகேட்டில் நிற்கும். அவளை அனுப்பிவையுங்கள். அனுப்பினால், வெள்ளிக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லை. சங்கத்தில் வேறு யாராவது எழுந்து முனகுவார்கள். நீங்கள் கேட்டுக்கொண்டு தோண்டும் அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிடலாம். விலை போய்விட்டான் என்று கடைத்தெருவே காறித் துப்பும். துடைத்துக்கொள்கிறேன். அனுப்பாவிட்டால், என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க நாலு ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் இறங்க எனக்குப் படி இல்லை, சம்பந்தி. எந்த விலைக்கு வெளியே வந்தாள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். மாப்பிள்ளையிடமும் வேண்டாம், அவருக்கு மறைக்கத் தெரியாது.

நம் பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். தாத்தாக்கள் இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் தெரியாமல் நன்றாக வளரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவன்