காருக்குள் ஒரு துருக்கி ஒப்பாரி

என் அன்பு மாமா,

உங்கள் காரை இன்னும் விற்கவில்லை. ஸ்டார்ட் செய்தால் அந்தத் துருக்கிப் பாட்டு தானாகவே ஆரம்பிக்கிறது. பென் டிரைவைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

மில்பிடாஸ் ஆபீஸில் உங்களோடு வேலை செய்த துருக்கிக்காரர் கொடுத்த பாட்டு. பாடியவர் பின்னாளில் வயலின் பட்டாளத்தோடு அரபெஸ்க் என்கிற சோகப் பாட்டுகளைப் பாடிப் பெரிய ஆளானாராம். இது அவர் நாட்டுப்புறப் பாடகராக இருந்த ஆரம்ப காலத்தது. சாஸ் என்கிற தந்தி வாத்தியம் மட்டும்தான் துணை. ஒரு வார்த்தைகூடப் புரியாமல் எப்படி மாமா அதில் அப்படி விழுந்தீர்கள்?

அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "வெள்ளிக்கிழமை அதுவுமா ஒப்பாரி வைக்கறீங்களே, இது என்ன சாவு வீடா?" என்பாள். நீங்களும் சிரித்துக்கொண்டே பாட்டைக் காருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

நிஜமாகவே சாவு வந்தபோது நம் வீட்டில் ஒப்பாரியே இல்லை. ஃபியூனரல் ஹோமில் உங்களைக் கிடத்தியிருந்த ஹாலுக்கு வெளியே அடுத்த குடும்பம் தன் முறைக்குக் காத்திருந்தது. ஆன்ட்டிகள் ஒவ்வொருவராக வந்து, "அழாதம்மா, பொண்ணுக்காக ஸ்ட்ராங்கா இரு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா ஸ்ட்ராங்காகவே இருந்தாள். இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. காலையில் உங்களுக்கும் லஞ்ச் பாக்ஸ் கட்டுகிறாள், சாயங்காலம் கொட்டிவிட்டுக் கழுவி வைக்கிறாள். "மாமா, ஐ'ம் ஸ்கேர்ட்" என்கிறாள் என்னிடம் உங்கள் மகள் நிலா. எனக்கும் பயம்தான்.

போன சனிக்கிழமை அக்காவின் கார் ரிப்பேர். மளிகை வாங்க மூவரும் உங்கள் காரில் கிளம்பினோம். பாட்டு ஆரம்பித்தது. நிறுத்தக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்டா" என்றாள் அக்கா.

லிவர்மோர் ஊரைத் தாண்டி மலை ஏறும்போது பாட்டில் அந்த மனிதர் குரலை உயர்த்தினார். அக்காவும் உயர்த்தினாள்.

"என்னைய யாருகிட்ட விட்டுட்டுப் போனீங்க, என் ராசா..."

மெட்டு அவருடையது, வார்த்தையெல்லாம் நம் ஊர். மாரில் அடித்துக்கொண்டாள். காரை ஓரமாக நிறுத்தினேன்.

"ஹூ இஸ் ஷி டாக்கிங் டு?" என்றாள் நிலா.

"அப்பாகிட்ட."

அக்கா பார்த்துக்கொண்டிருந்த பக்கமே நிலாவும் பார்த்தாள். நீங்கள் அங்கே இருந்தீர்களா மாமா?

பாட்டு முடிந்தும் அக்கா முடிக்கவில்லை. 'அழாதேக்கா' என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இனி அந்த வார்த்தையை அவளிடம் யாரையும் சொல்ல விடமாட்டேன். அடுத்த குடும்பம் காத்திருந்தால் காத்திருக்கட்டும். இது சத்தியம் மாமா.

உங்கள் மச்சினன்,
கதிர்