பேச்சி அம்மாள் என் மனைவியின் அக்கா அல்ல என்பது குறித்து

அனுப்புநர்:
கே. அனந்தநாராயணன்,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
மாவட்டத் தொழிலாளர் அலுவலர்,
எர்ணாகுளம்.

பொருள்: குடும்பப் பராமரிப்பு உதவி – வீட்டுப் பணியாளரை உறவினர் எனப் பதிந்ததைத் திருத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் சங்கரி இங்குள்ள ஒரு மசாலா ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறாள். மறதி நோயுள்ள என் மனைவி மீனாக்ஷி அவள் பொறுப்பில் இருக்கிறாள். நாள் முழுதும் மீனாக்ஷியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள என் வயது இடம் தரவில்லை. ஆய்வு நடந்தபோது வீட்டிலிருந்தவன் நான் என்பதால், மகளின் சம்மதத்தோடு நான் எழுதுகிறேன். மலையாள மொழிபெயர்ப்பை அவள் இணைத்திருக்கிறாள். பிழை இருந்தால் அது என்னுடையது.

1. இரண்டு உதவித் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நிறுவனம் சொன்னது. முதலாவதில், தேவராவிலுள்ள பகல்நேரப் பராமரிப்பு இல்லத்தின் கட்டணம் முழுவதையும் நிறுவனமே கட்டும். இரண்டாவதில், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தில் பாதி தரும். அவர் உறவினராக இருக்கக் கூடாது. பல நாள் ஒப்பிட்டேன். தாளில் எப்படிப் பார்த்தாலும் முதலாவதே மேல். சங்கரியிடமும் அப்படியே சொன்னேன்.

2. சோதனையாக ஒருநாள் மீனாக்ஷியை அங்கே விட்டோம். ஆயுள் முழுக்கப் பேசிய மலையாளம் அவளை விட்டுப் போய்விட்டது. பிறந்த வீட்டில் பேசிய தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இல்லத்தில் தமிழ் அறிந்தவர் இல்லை. அன்பானவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். மாலையில் போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மதியம் ஊட்டிய சோறு விழுங்கப்படாமல் வாயிலேயே இருந்தது.

3. ஆகவே இரண்டாவதைத் தேர்ந்தோம். தேனிப் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் கீரை விற்கும் பேச்சி அம்மாள், மதியம் முதல் சங்கரி திரும்பும்வரை உடனிருக்கிறார். முதல் நாளே மீனாக்ஷி அவரைத் தன் அக்கா என்று நம்பிவிட்டாள். அக்கா இறந்து வெகுகாலமாகிறது. ஒருமுறை அதை எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்பட்டவளைப் போல அழுதாள். பிறகு அதையும் மறந்தாள். மறுபடி சொல்ல எனக்குத் துணிவில்லை.

4. நிறுவனத்தின் ஆய்வாளர் வந்தார். மீனாக்ஷி பேச்சி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ எங்க அக்காவாக்கும். இனிமே இங்கதான் இருப்பா" என்றாள். தமிழ் புரிந்த அவர், அப்படியா என்று பேச்சி அம்மாளைக் கேட்டார். மீனாக்ஷி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்கய்யா, கூடப் பொறந்தவதான்" என்றார் பேச்சி அம்மாள். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். விளக்கிச் சொல்ல வாசலுக்குப் போவதற்குள் அவர் ஆட்டோ ஏறிவிட்டார். உதவி நின்றது.

5. எழுதிக் கேட்டதற்கு, மறு ஆய்வும் வீட்டில், நோயாளி முன்னிலையில்தான் நடக்கும் என்கிறார்கள். அதிலும் உறவினர் என்றே பதிவானால், மீனாக்ஷி தேவரா இல்லத்துக்குப் போக வேண்டும். அல்லது சங்கரி வேலையை விட வேண்டும்.

6. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. பேச்சி அம்மாள் சமையலறையிலிருந்து மீனாக்ஷியை "அம்பி" என்று கூப்பிடுகிறார். ஆண்பிள்ளை இல்லாத பிறந்த வீட்டில், தம்பியைக் கூப்பிடுவதுபோல அக்கா மட்டும் விளையாட்டாக அழைத்த பெயர் அது. நான் சொல்லித் தரவில்லை. மீனாக்ஷி சொல்லியிருக்கலாம், கேட்டுப் பார்க்கவில்லை. அந்தக் குரல் வரும்போது வாசற்படியில் நின்றுவிடுகிறேன். உள்ளே இருவரும் சிரிப்பது கேட்கிறது. என் வீட்டுக்குள் போக எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிரிப்பு நிற்கக் கூடாது.

பேச்சி அம்மாளின் ஆதார் நகலை இணைத்துள்ளேன். அவரைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து விசாரித்து, பதிவைத் திருத்த உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் மீனாக்ஷி எதிரில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். கேட்டால், ஐயா, இம்முறையும் நாங்கள் அதே பதிலைத்தான் சொல்வோம்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 12.06.2025

தங்கள் கருணையை நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
கே. அனந்தநாராயணன்