பச்சையாய் ஒளிர்ந்த உட்கருக்கள்

பள்ளி விளையாட்டு விழாவிலிருந்து நேற்று மகள் திரும்பியபோது மூக்கின் இருபுறமும் கன்னங்கள் சிவந்திருந்தன. வெயில் என்றாள். அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். தோழி, பல ஆண்டுகளுக்கு முன் உன் முகத்தில் இதே சிவப்பை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையில் நாம் இருவரும் வேலை செய்தோம். வெள்ளணுக்களுக்குள் டிஎன்ஏவை அடையாளம் காணும் ஏற்பி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. கிருமியின் டிஎன்ஏ அதில் பட்டால் உடலில் அழற்சி மூளும். வீக்கமும் காய்ச்சலும் வரும். நம் சொந்த டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் பத்திரமாக இருப்பதால் அதன் கண்ணில் படுவதில்லை.

"பட்டுட்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்புறம் எப்ப நிறுத்தணும்னே அதுக்குத் தெரியாதுடி" என்றாய்.

அந்தக் கோடையில் உன் கன்னம் சிவந்தது. "சிவாஜிநகர்ல பஸ்ஸே வரல, வெயில்ல வெந்துட்டேன். நீ சும்மா பயப்படாத" என்று சிரித்தாய். பிறகு ஒரு காலையில், குப்பியைத் திறக்க உன் விரல்கள் மடங்கவில்லை. அதை என்னிடம் நீட்டினாய். அப்போது நீ சிரிக்கவில்லை.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், நாம் வளர்த்த செல்களின் மேல் உன் ரத்த நீரையும், அதிலுள்ள எதிர்ப்பொருள்கள் ஒட்டிய இடத்தில் மட்டும் பச்சையாய் ஒளிரும் சாயத்தையும் இட்டுச் சோதித்திருக்கிறாய். நுண்ணோக்கியை விட்டு எழுந்து, "நீ பாரு" என்றாய். இருட்டில் உட்கரு ஒவ்வொன்றும் பச்சையாய் ஒளிர்ந்தது. உன் ரத்தம் உட்கருவையே எதிரியாகப் பிடித்திருந்தது.

"ஸ்லைடு மாறியிருக்கும்" என்றேன்.

"என் ரத்தம் போடாத ஸ்லைடையும் பாத்துட்டேன். அது இருட்டாதான் இருக்கு."

மருத்துவர் அதை லூபஸ் என்றார். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்; கன்னச் சிவப்பும் மடங்காத விரல்களும் அதன் அறிகுறிகள். உடைந்த செல்களின் டிஎன்ஏவை உன் எதிர்ப்பொருள்களே பற்றி இழுத்துப்போய் அந்த ஏற்பியிடம் சேர்த்துக்கொண்டிருந்தன. சிறுநீரகங்கள் முதலில் போயின. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து உன் அம்மா ஜெபமாலையோடு வந்து மருத்துவமனைக் கட்டிலருகே இருப்பார். அவர் காபி வாங்கப் போன சமயம் என் கையைப் பிடித்தாய்.

"எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

"உள்ள என்ன நடக்குதுன்னு ஒவ்வொண்ணா எனக்குத் தெரியும். அதான் பயம். பொய் சொல்லாம கொஞ்ச நேரம் கூட உக்காரு."

உட்கார்ந்தேன். உன் கையை விடவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் நீ போய்விட்டாய்.

இன்று காலை மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு நாளைதான் வரும். வெறும் வெயிலாகவே இருக்கலாம்.

"அம்மா, உனக்கு பயமா இருக்கா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா கண்ணு, பயமாதான் இருக்கு" என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் தன் சூடான கன்னத்தை என் தோளில் சாய்த்தாள்.