மூடியில் எழுதிய எண்கள்

ஆகஸ்ட் 28, புதன்

இந்த நோட்டில் வரிசையாக எழுத உத்தேசித்திருப்பவை:

1. பேராசிரியருக்கு முதல் கடிதம் எழுதுவது. பிழையில்லாமல், மரியாதை குறையாமல்.
2. பதில் வராவிட்டால் எத்தனை நாள் பொறுப்பது.
3. ஆய்வகத்தில் யாரை எப்படி அழைப்பது. (எல்லாரும் என் மகளைவிடச் சின்னவர்கள்.)
4. தவறு ஏதும் நேர்ந்தால், காரணத்தையும் தீர்வையும் முழுக்கக் கண்டுபிடித்து எழுதிக்கொண்ட பிறகே மேலிடத்தில் சொல்வது. அரைகுறையாகப் போய் நிற்பதில்லை.
5. வயதைச் சாக்காகச் சொல்லாமலிருப்பது.

அறுபத்து மூன்று வயதில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் உட்கார்ந்து கேட்பதில் சிரமமில்லை. ஆனால் இந்த ஆண்டு, விருப்பமுள்ளவர்கள் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்யலாம் என்கிறார்கள். அதற்கு நாமே போய்க் கேட்க வேண்டுமாம். விதைகளைப் பற்றி ஆராயும் ஒரு பேராசிரியையிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். எனக்குக் கேட்க வராது. அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் கேட்பதற்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அவர்களுடையது.

ஆகஸ்ட் 31, சனி

நான்காவது வரைவு. இரண்டரைப் பக்கம். படித்துக் காட்டினேன்.

மனைவி காய் நறுக்கியபடியே கேட்டாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு வரி எழுதலயே மனுஷன்னு வருத்தமா இருக்கு."

செப்டம்பர் 2, திங்கள்

அனுப்பிவிட்டேன். காலை 10.14.

செப்டம்பர் 5, வியாழன்

பதில் இல்லை. "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தது அதிகப்படியோ? மூன்று நாள் மௌனம் என்றால் அலுவலகத்தில் "கோப்பில் வைக்கவும்" என்று பொருள். இரண்டாவது கடிதம் எழுதினால் நச்சரிப்பதாக ஆகும். எழுதாவிட்டால் அக்கறையில்லை என்று ஆகும். புள்ளி 2-க்கு இன்னும் என்னிடம் விடையில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பதில் வந்தது. முழுவதும் இதுதான்: "செவ்வாய் 4 மணி. அறை 212."

வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. என்ன தப்பு செய்தேன்?

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "வரச் சொல்லியிருக்காங்க. இதுல கோவம் எங்கங்க இருக்கு?"

"அதான் சொல்றேன். எதுவுமே இல்ல."

"எதுவுமே இல்லாததுக்கா காலையிலேருந்து சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?"

செப்டம்பர் 10, செவ்வாய்

3.25-க்கே போய் அறை 212-க்கு வெளியே நின்றேன். சரியாக நான்கு மணிக்குக் கதவைத் தட்டினேன். உள்ளே மேஜை தெரியாமல் விதைப் பொட்டலங்கள். பேராசிரியருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். யாருடைய அப்பாவோ வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

"உக்காருங்க சார்."

அவர் உட்காராமல் நான் எப்படி உட்காருவது? நான் உட்காராமல் அவர் உட்கார மாட்டார் போலிருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் நின்றே பேசினோம்.

"உங்க லெட்டர் முழுசாப் படிக்கல சார், மன்னிச்சுக்கங்க. ரெண்டரைப் பக்கம். என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க."

வேலை என்றேன். எந்த வேலையானாலும்.

"எண்ண வருமா?"

"வரும் மேடம்."

"அப்ப திங்கட்கிழமை வாங்க. எதுனாலும் என்கிட்ட நேரா கேக்கலாம்."

கேட்கலாம் என்று அவர் சொன்னது உபசாரமா, உத்தரவா? வழியெல்லாம் யோசித்தும் தெரியவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

ஆய்வகத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவி இருக்கிறார். இருபத்தேழு வயது. எல்லாரும் அவரை சீனியர் என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்ப நீங்க ஜூனியர் சார்" என்றார். புள்ளி 3 இவ்வளவு சீக்கிரம் தீரும் என்று எதிர்பார்க்கவில்லை. பேராசிரியர் மட்டும் "சார்", "சார்" என்றே அழைக்கிறார். பக்கத்து மேஜை மாணவனை ஒரு குடுவை உடைத்ததற்கு அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தார். நான் ஒரு சோதனைக் குழாயை உடைத்தேன். "பரவால்ல சார், விடுங்க" என்றார். பரவாயில்லையாம். அவனிடம் எதிர்பார்ப்பு இருக்கிறது. என்னிடம்?

செப்டம்பர் 30, திங்கள்

இன்று உண்மையான வேலை. நெடுங்காலம் சேமித்து வைத்த விதை இன்னும் முளைக்குமா என்பதுதான் சீனியரின் ஆய்வு. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு ஆண்டு விதைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கண்ணாடித் தட்டுகள். தட்டுக்கு இருபத்தைந்து விதை, ஈரத்தாளின் மேல். தினமும் மூடியைத் திறந்து, முளைவிட்டதை எண்ணி, எண்ணியதை எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து மூட வேண்டும். எண்ணுவது நான்.

"ஜூனியர் சார், பன்னெண்டு வருஷ விதை இதோட காலி. பொட்டலத்தத் தட்டிப் பாத்துட்டேன். அடுத்த மாசம் ஆய்வுக் குழு முன்னாடி இந்தக் கணக்கத்தான் வைக்கணும். என் உசுரே உங்க கையில."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்டோபர் 3, வியாழன்

சீனியர் காலையில் தட்டுகளைப் பார்த்துவிட்டு வேறு கட்டடத்துக்கு எழுதப் போய்விட்டார். தட்டுகளின் அடிப்பக்கத்தில் அவர் எழுதியிருந்த எண்கள் கோழிக் கிறுக்கலாக இருந்தன. அதுவும் ஈரத்தாள் வழியே சரியாகத் தெரிவதில்லை, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இருபத்து நான்கையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மூடிகளின் மேல் அழகாக, ஒரே அளவில், எழுதினேன். இப்போது தட்டுகள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. சீனியர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

அக்டோபர் 4, வெள்ளி

என்ன பண்ணித் தொலைச்சேன்.

நேரம் மிச்சமாகட்டும் என்று பன்னிரண்டு தட்டுகளை ஒரே சமயத்தில் திறந்தேன். எட்டு, பத்து, பன்னிரண்டு ஆண்டு விதைகள். மூடிகளை வரிசையாக ஜன்னல் ஓரம் வைத்தேன். யாரோ கதவைத் திறந்தபோது காற்றில் தாள்கள் பறந்தன. மூடிகளையும் தட்டுகளையும் நகர்த்திவிட்டுக் குனிந்து பொறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் எது எதன் மூடி என்று தெரியவில்லை.

எண் மூடியில்தான் இருக்கிறது. தட்டில் இல்லை. துடைத்தவன் நான். எதுக்குடா துடைச்ச? யார் கேட்டாங்க உன்னை?

ஏதோ ஒரு வரிசையில் மூடிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 5, சனி

புள்ளி 4. முதலில் ஆராய வேண்டும். ஆராயாமல் சொல்வது பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவதாகும்.

அக்டோபர் 7, திங்கள்

குழப்பத்துக்கு முந்தைய நாட்களில் எந்தத் தட்டில் எத்தனை முளைத்தன, பிறகு எத்தனை என்று வரைபடம் போட்டுப் பார்க்கிறேன். கோடுகள் பொருந்தும் ஜோடிகளைச் சேர்த்தால் விடை வரும். ஆனால் முதல் மூன்று நாளில் முளைத்தவை ஒன்றோ இரண்டோதான். எல்லாக் கோடும் எல்லாக் கோட்டோடும் பொருந்துகிறது.

நடைவழியில் சீனியர் எதிரே வந்தார். "எல்லாம் ஓகேவா, ஜூனியர் சார்?"

"ஓகே."

ஒரே ஒரு சொல். ரெண்டரைப் பக்கம் எழுதுகிறவனுக்கு அது எப்படி அவ்வளவு சுருக்கமாக வந்தது?

அக்டோபர் 8, செவ்வாய்

அறிக்கை ஆறு பக்கம். முடிவு இல்லை. தினமும் எண்ணுகிறேன், முளைத்ததை எடுத்துவிடுகிறேன், மூடியில் உள்ள எண்ணுக்கு நேரே எழுதுகிறேன். பொய்க் கணக்கு என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அக்டோபர் 9, புதன்

அறிக்கை ஒன்பது பக்கம், இரண்டு இணைப்புகள். பேராசிரியர் போகிற போக்கில், "வெள்ளிக்கிழமை எல்லா நம்பரையும் உக்காந்து பாத்துடலாம் சார்" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். முழுதும் கேட்டாள். கிண்டல் செய்யவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு எத்தன வருஷமா இதச் செய்யுதுன்னீங்க?"

"நாலு."

"அதுகிட்ட இன்னும் சொல்லல."

"காரணம் தெரியாம என்னன்னு போய்ச் சொல்றது?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்களேன். அது ஒண்ணுதான உங்களுக்கு நல்லாத் தெரியுது."

அக்டோபர் 10, வியாழன்

காலை 9.05-க்கு அறிக்கையோடு 212-க்குப் போனேன். நீட்டினேன். பேராசிரியர் கனத்தைப் பார்த்தார், வாங்கவில்லை.

"ஒரு வரியில சொல்லுங்க சார்."

ஒன்பது பக்கத்தில் எந்த வரி அது?

"பன்னெண்டு தட்டோட மூடிய மாத்திப் போட்டுட்டேன் மேடம். அடியில இருந்த நம்பர நான்தான் அழிச்சேன்."

"எப்ப?"

"போன வெள்ளி."

"இன்னைக்கு வியாழன்." எழுந்து கதவுக்கு வெளியே தலையை நீட்டி சீனியரைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சீனியரின் முகம் வெளுத்தது. போனை எடுத்தார். போன வியாழக்கிழமை காலை, நான் ஸ்பிரிட்டை எடுப்பதற்கு முன்பு, ஒவ்வொரு தட்டையும் மேலிருந்து படம் பிடித்திருக்கிறார். பக்கத்தில் எண் எழுதிய துண்டுச் சீட்டு. விதைகள் தாளில் கிடக்கும் அமைப்பு ஒரு தட்டைப் போல இன்னொன்றில் இல்லை. படத்தையும் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

பார்த்தோம். முதல் தட்டுக்கு ஒரு நிமிடம். அப்படியே ஒன்பது. மற்ற மூன்றில், இந்த ஆறு நாளில் முளைத்தவற்றை நானே எடுத்துவிட்டிருந்தேன். மிச்சமிருந்த நாலைந்து விதைகளும் தண்ணீரில் நகர்ந்திருந்தன. எட்டாண்டில் ஒன்று, பத்தாண்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று. எது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை!" பேராசிரியர் குரல் நடைவழி வரை கேட்டிருக்கும். "அவ போன்ல இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதான் கேக்கணும். தப்பு பண்ணதுக்காகக் கத்தல. எல்லாரும் பண்ணுவாங்க. ஆறு நாள் அதக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான். இவளோட நாலு வருஷம் இது. உங்க ஃபைல் இல்ல."

அரை மணி நேரம். பாதி கேட்கவில்லை, காது அடைத்துவிட்டது. வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. படி இறங்கும்போதுதான் உறைத்தது: திட்ட ஆரம்பித்த பிறகு அவர் ஒரு தடவைகூட சார் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

போகவா வேண்டாமா என்று எட்டு மணி வரை. போனேன். சீனியர் இரண்டு புதுத் தட்டுகளையும் எட்டாண்டு, பத்தாண்டுப் பொட்டலங்களையும் மேஜையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடியில எழுதுங்க."

எழுதினேன். பன்னிரண்டாண்டுக்குத் தட்டு வைக்கவில்லை. விதை இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

கணக்கு அட்டவணைக்கு அடிக்குறிப்பு எழுதும் பொறுப்பைப் பேராசிரியர் எனக்குக் கொடுத்தார். நாற்பத்தொரு சொல்லில் எழுதினேன். வாங்கிப் படித்து, அடித்து, திருப்பிக் கொடுத்தார்: "12 ஆண்டு விதை: மூன்று தட்டுகள் மட்டும். நான்காவது அடையாளம் தவறியது."

என்னைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

சீனியர் குழு முன் நின்றார். நான் வெளியே நடைவழியில். வந்தவரிடம் கேட்கத் துணிவில்லை. அவரே சொன்னார்.

"நாலாவது தட்டு எங்கன்னு கேட்டாங்க. போச்சுன்னேன். சரின்னுட்டாங்க. ஆனா மூணு வச்சு உறுதியா எதுவும் எழுதாதன்னுட்டாங்க." பைக்குள் எதையோ தேடினார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க, ஜூனியர் சார்."

பத்தொன்பது நாளாக அந்தப் பெயர் காதில் விழவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

புதிதாக வைத்த பத்தாண்டுத் தட்டின் (எண் 10-3) ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பஞ்சு மாதிரி. பூஞ்சையா, தாள் நாரா, தெரியவில்லை. ஏன் வந்தது என்றும் தெரியவில்லை. வரைவு எழுதாமல் பேராசிரியருக்கு அனுப்பினேன்: "10-3-ல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை."

இரண்டு நிமிடத்தில் பதில். "தொடாதீங்க. வரேன்."

அவர் வருவதற்குள் இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். ஆய்வகத்தில் தப்பாக எழுதியதைத் துடைக்கக் கூடாது. கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். சீனியர் சொல்லிக் கொடுத்தது.

புள்ளி 4 தவறு. கோடு போட்டேன். தேதி போட்டேன். என் கையெழுத்தையும் போட்டேன்.