வீட்டில் பாட்டை எடுத்துவிட்ட காரணம்

ஸ்ஃபாக்ஸ், 23ஆம் தேதி, செவ்வாய்

என் கண்ணு நௌஃபலுக்கு, அம்மா சல்ஹா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், நீயும் மொன்ட்ரியால் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடி நடமாட வேண்டும். எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லவும் குரல் வராது, அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு இப்திஹால் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். பரீட்சை நேற்றோடு முடிந்ததாமே, அல்ஹம்துலில்லாஹ். இதை உட்கார்ந்து படி.

பாட்டுச் செயலியில் நம் வீட்டுக் கணினி, என் போன், அப்பா போன் மூன்றையும் காணோம், என்மேல் என்ன கோபம் என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். கணினி கெட்டுவிட்டது, கரண்ட் இல்லை என்று நானும் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். கோபமெல்லாம் இல்லை, மகனே. நம் துஹாமிப் பெரியப்பா ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை விடியலில் மவுத்தாகிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. பிள்ளை இல்லாத அவர் உன்னைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு மீன் சந்தையெல்லாம் சுற்றினார், அது எனக்குத் தெரியாதா? தூர தேசத்தில் தனியாக இருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை என்பது நம் ஆட்களின் வழக்கம். பரீட்சை முடியட்டும் என்று அப்பா எல்லோர் வாயையும் கட்டிவிட்டார், நானும் சேர்ந்து ஊமையானேன்.

நாற்பது நாளைக்கு வீட்டில் பாட்டு கூடாது அல்லவா, அதனால் அன்றைக்கே கணினித் திரையில் இருந்த அந்தப் பாட்டுச் செயலியின் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். தொலைந்தது என்று நினைத்த நான் ஒரு மடச்சி. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறையப் பெண்கள், ஓதல் நடக்கிறது. பெரியப்பாவின் காகிதங்களைத் தேட அப்பா கணினியைத் திறந்து வைத்திருந்தார். நீ ஞாயிறுதோறும் அங்கிருந்து தட்டி என் அடுப்படிக்குப் பாட்டு அனுப்புவாயே, அன்றும் அனுப்பினாய். தர்புகா மேள முழக்கத்தோடு கல்யாணப் பாட்டு! மய்யித்து வீட்டுல கூத்தா, வெக்கமா இல்லையா என்று ஹனீயா மாமி என்னை எரிப்பதுபோலப் பார்த்தாள். அப்பா ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். நின்றுவிட்டதே என்று நீ மறுபடி தட்டினாய் போல, என் சட்டைப்பையிலிருந்து போன் பாட ஆரம்பித்தது. நான் அப்படியே குறுகிப்போனேன்.

மூன்று நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மன்னூபியாப் பெரியம்மா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். யாரும் நிறுத்தாதீங்க, பிள்ளை எங்க பிள்ளை எங்கன்னு கேட்டீங்கல்ல, இதோ வந்துட்டான் என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். கூடமே அழுதது.

சாயங்காலம் இப்திஹால் வந்தாள். படத்தைத் தூக்கிப் போட்டா போயிடுமா அத்தை, உள்ளுக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கு பாருங்க என்று சிரித்தாள். கணக்கிலிருந்து வெளியேறி, செயலியை முறைப்படி நீக்கி, மிச்சம் கிடந்த கோப்புகளைத் தேடி அழித்து, இரண்டு போன்களிலிருந்தும் அதை எடுத்துக் கொடுத்தாள். அப்பா சுங்க அதிகாரிபோலத் தலைக்குமேல் நின்றார். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, அப்பா தன் போனை எடுத்து நீட்டினார்.

நேற்று ராச் சாப்பாட்டில் பெரியம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். நாம எல்லாரும் அழுதாச்சு, அவன் ஒருத்தன் பாக்கி, அவன் பங்கை ஏன் பிடுங்கி வச்சிருக்கீங்க என்று அப்பாவைக் கேட்டாள். அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்து, எழுதிடு சல்ஹா, தப்பு என்னுதுன்னு எழுது என்றார்.

எழுதிவிட்டேன். இன்று தனியாக இருக்காதே, கூட இருக்கிற அந்த அல்ஜீரியப் பையனிடம் சொல்லு, ஒரு வாயாவது சாப்பிடு. நாற்பதாம் நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, லீவு கிடைத்தால் வா. அல்லாஹ் உனக்குப் பொறுமையையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். எங்களைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள், முதலில் பெரியம்மாவைக் கூப்பிடு. எதுவும் பேச வேண்டாம், அவளோடு சேர்ந்து அழு.

உன்னிடம் பொய் சொன்ன உன் அம்மா,
சல்ஹா