பூட்டு விடாத டிஸ்க்

வெண்டல்,

கராஜில் உன் சம்மட்டியின் பிடியை உடைத்தது நான்தான்.

நான் வேலை செய்யும் பெண்கள் காப்பகத்தின் பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுசாக அழிக்க, கம்ப்யூட்டரில் உள்ள பாதுகாப்புப் பூட்டு விடவில்லை. கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டு எழுப்பியும் பார்த்தேன், பூட்டு விலகவில்லை. "ஃபார்மட் பண்ணினா போதும்டி, நல்ல டிஸ்க்கு" என்று கத்தினாயே, ஃபார்மட் செய்ததை மீட்டுவிடலாம்; கணவன்மாருக்குப் பயந்து ஒளிந்து வாழும் பதினேழு பெண்களின் முகவரி அதில் இருக்கிறது. நேற்று அவர்களில் ஒருத்தியின் கணவன் லைல் காப்பகத்தின் கதவைக் கோடரியால் பிளந்து, "என் பொண்டாட்டி எங்கடி?" என்று என் கழுத்தை நெரித்தான். நான் சொல்லவில்லை. இன்று அவனை ஜாமீனில் விட்டுவிட்டார்கள்.

அதனால் டிஸ்க்கை அடித்தே நொறுக்கினேன். தெறித்த சில்லு கன்னத்தைக் கிழித்துவிட்டது. தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மான்கறிச் சூப் அடுப்பில் இருக்கிறது.

ஆர்டித்

பி.கு.: கதவைத் தாழிட்டுக்கொள்.

இன்னொன்று. ஒவ்வொரு அடியிலும் லைலின் முகம்தான் தெரிந்தது. டிஸ்க் பொடியான பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை.