கெசனிக் இரண்டு புள்ளி முன்னிலை

அக்டோபர் 4, வியாழன்

இன்றும் யாரும் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் வைத்துவிட்டார்கள். வைக்காதவர்கள் திட்டினார்கள். எனக்காகப் போன் போட்டுக் கேட்கும் லூசிலிடம் ஒருவர் மட்டும் பொறுமையாகப் பேசினாராம், தன் மாட்டுக்கு வந்த மடிநோயைப் பற்றி. எல்லாம் கேட்டுக்கொண்டு, "ஆளுநர் தேர்தல்ல ஓட்டு யாருக்குங்க?" என்று இவள் கேட்டதும், "அது என் சொந்த விஷயம்மா" என்று வைத்துவிட்டார். மாட்டின் மடி ஊருக்கே தெரியலாம், ஓட்டுதான் சொந்த விஷயம்! இந்த விஸ்கான்சினில் கருத்துக்கணிப்பு நடத்திப் பிழைக்கிறவனை முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கிரெய்க் கூப்பிட்டான். என் கணிப்பை வாங்கி வெளியிடுகிற தொலைக்காட்சியில் செய்திக்குப் பொறுப்பானவன். "வெர்னன், போன தடவை மாதிரி நீங்க மட்டும் தனியா ஒரு நம்பரைச் சொல்லி எங்க மானத்தை வாங்கிடாதீங்க. இந்தத் தடவையும் அப்படின்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

போன தேர்தலில் நான் செய்த குற்றம், ஜனங்கள் சொன்னதை அப்படியே சொன்னதுதான். அவர்கள் வேறு மாதிரி ஓட்டுப் போட்டுத் தொலைத்தார்கள். அன்றிலிருந்து லா கிராஸ் கடைத்தெருவில் ஒவ்வொருவனும் என்னிடம் "மழை வருமா?" என்று கேட்கிறான். வராது என்றால் குடை எடுத்துக்கொள்கிறான்.

அக்டோபர் 15, திங்கள்

தலை சுற்றுகிறது. மற்றக் கணிப்புகள் எல்லாமே ஆளுநர் கெசனிக் நான்கு ஐந்து சதவீதப் புள்ளி முன்னே என்கின்றன. எனக்கு வந்திருப்பது — அவரை எதிர்த்து நிற்கும் ஆர்லீன் பெர்கம் நான்கு புள்ளி முன்னே! பால் கூட்டுறவில் தலைவியாக இருந்த அந்தம்மா. மேடையில் பேசத் தெரியாது, பேசினால் நிறுத்தத் தெரியாது.

"ஏன் லூசில், சரியாத்தான் கேட்டியா?"

"ஏப்பா, இருபது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். நாப்பது பிள்ளைங்க ஒண்ணா கத்தினாலும் எவன் என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கும். பெர்கம்னுதான் சொன்னாங்க."

பிறகுதான் பொறி தட்டியது. நேற்று ஞாயிறு. நம் கால்பந்து அணி சிகாகோக்காரர்களிடம் உதை வாங்கியது. தோற்ற மறுநாள் இந்த மாநிலத்தில் எவனைக் கேட்டாலும் பயிற்சியாளரை மாற்று, ஆளுநரை மாற்று, முடிந்தால் மாமனாரையும் மாற்று என்பான். அந்த எரிச்சல்தான் இது! இன்று பேசியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். நிம்மதி.

அக்டோபர் 23, செவ்வாய்

ஞாயிறன்று நம் அணி ஜெயித்தது. ஊரே சிரித்த முகம். மறுபடி முதலிலிருந்து கேட்டோம்.

பெர்கம், ஐந்து புள்ளி முன்னே.

அக்டோபர் 24, புதன்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிரிவில் ஆள் குறைவாகக் கிடைத்தால், கிடைத்தவரை இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ கணக்கில் வைத்துக்கொள்வோம். தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். வடக்கே காட்டுப் பக்கம் முப்பது வயதுக்குள் இருக்கும் ஆண்கள் எவனும் போனை எடுப்பதில்லை. ஒரே ஒருவன் எடுத்தான். மரம் அறுக்கிறவனாம். அவன் கெசனிக் பக்கம்.

அவனை மூன்று பேராக்கினேன். போதவில்லை. ஆறு பேராக்கினேன். கடைசியில் பதினோரு பேர். அதோடு பெர்கம் பக்கம் நின்ற மில்வாக்கி நகரத்துக்காரர்கள் சிலரைக் கணக்கில் கொஞ்சம் இளைக்க வைத்தேன், வயதான பெண்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தேன். கெசனிக் இரண்டு புள்ளி முன்னே வந்துவிட்டார்.

சாப்பிடும்போது மனைவி டோரீனிடம் மரம் அறுக்கிறவனைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பதினோரு பேரா? அவன் பொண்டாட்டிய நினைச்சா பாவமா இருக்கு வெர்னன். எத்தனை ஜோடி சாக்ஸ் துவைப்பா!"

"தொழில் வழக்கம் அது. உனக்குப் புரியாது."

"சரி, உன் வேலை, உனக்குத் தெரியும். சரியா வருமா?"

"வரும்" என்றேன்.

அக்டோபர் 26, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் ஊரே கூடும் மீன் வறுவல் கடையில் ஸ்டான் பாப்காக். மில்வாக்கியில் கணிப்பு நடத்துகிறவன், என் தொழில் எதிரி. எனக்குப் பிராந்தி வாங்கிக் கொடுத்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"என்னய்யா, உனக்கு என்ன வந்திருக்கு?"

"எல்லாருக்கும் வந்ததுதான். உனக்கு?"

"எல்லாருக்கும் வந்ததுதான்."

இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மீனைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அந்தக் கடை மீனைப் பாதியில் வைக்கிற ஆளே இல்லை அவன்.

அக்டோபர் 29, திங்கள்

நாளை கொடுத்தாக வேண்டும். என் முன்னால் இரண்டு தாள். ஒன்றில் ஜனங்கள் சொன்னது, ஒன்றில் நான் சொன்னது.

ஏன்டா வெர்னன், எதுக்குடா இந்தத் தொழிலுக்கு வந்தே? கேட்டதைச் சொல்லத்தானே? சொல்லித்தானே போன தடவை சந்தி சிரிச்சுது! உண்மையாவே அந்தம்மா முன்னாடி இருந்தா? இல்லைன்னா? மறுபடி நான் ஒருத்தன் மட்டும் கோமாளியா நிக்கணுமா? இந்த வயசுல வேற என்ன வேலை தெரியும் எனக்கு —

லூசிலைக் கேட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தப்புப் பண்றதா இருந்தா எல்லாரோடயும் சேர்ந்து பண்ணுப்பா. தனியா பண்ணினாதான் பேரு நாறும். எனக்கும் இந்த வேலை வேணும்."

அக்டோபர் 30, செவ்வாய்

கெசனிக் இரண்டு புள்ளி முன்னிலை. கொடுத்துவிட்டேன். கிரெய்க் "நல்ல நம்பர்" என்றான். நல்ல நம்பராம். சூப் குடித்தவன் மாதிரி சொல்கிறான்.

நவம்பர் 1, வியாழன்

பெர்கம் ஆட்கள் வடக்கே இரண்டு கூட்டங்களை ரத்து செய்துவிட்டார்கள். காரணமாக என் கணிப்பையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். வானொலியில் ஒரு நிபுணர், "ஐந்து கணிப்புகளும் ஒரே குரலில் பேசுகின்றன" என்று மெய்சிலிர்த்தார். அணைத்துவிட்டேன்.

நவம்பர் 6, செவ்வாய்

தேர்தல். காலையிலிருந்து பனிமழை, சாலையெல்லாம் கண்ணாடி. வழுக்கி வழுக்கிப் போய் ஓட்டுப் போட்டேன். பெர்கமுக்கு. எப்படியும் தோற்கப்போகிறவருக்கு என்னால் ஆன பரிகாரம். சே, என்ன மனுஷன் நான்.

நவம்பர் 7, புதன்

கெசனிக் ஜெயித்துவிட்டார். அரைப் புள்ளிகூட இல்லை வித்தியாசம். மாநிலத்திலேயே முடிவுக்கு மிக அருகில் வந்த கணிப்பு என்னுடையது!

கிரெய்க் பேசினான். "மேதை நீங்க! மத்தவங்க எல்லாம் நாலு, அஞ்சுன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் ரெண்டு. அடுத்த நாலு வருஷத்துக்கு நீங்கதான் எங்களுக்கு." பாட்டிலைத் திறந்தேன். குடிக்கத் தோன்றவில்லை, மூடிவிட்டேன்.

நவம்பர் 8, வியாழன்

ஸ்டான் போன் செய்தான். வாழ்த்தக்கூட இல்லை. நேராகக் கேட்டான்: "உனக்கும் அந்தம்மாதானே முன்னாடி வந்துச்சு?"

"ஆமா."

"எனக்கு மூணு. நான் பயந்துக்கிட்டு உங்களையெல்லாம் பார்த்துத் திருத்தினேன்."

"நான் உன்னைப் பார்த்துத் திருத்தினேன்."

 பிறகு மான் வேட்டைக்கு எப்போது கிளம்புகிறான் என்று கேட்டேன். சொன்னான்.

நவம்பர் 9, வெள்ளி

மீன் வறுவல். நான் உள்ளே நுழைந்ததும் கைதட்டினார்கள். இரண்டு வருஷமாகக் கேலி செய்த அதே கூட்டம். எங்கள் தெருக்கோடி டிக் ஓல்ஸ்டாட், மாடு வைத்திருப்பவன், முதுகில் ஓங்கி அறைந்தான்.

"யோவ் வெர்னன், உனக்கு ஒரு பிராந்தி என் கணக்குல. நாங்க ஏழெட்டுப் பேர் ஒரே வண்டியில ஓட்டுப் போடப் போறதா இருந்தோம், பெர்கமுக்கு. ரோட்டைப் பார்த்தோம். அதான் நீயே அந்தம்மா தோக்குதுன்னுட்டியே, எதுக்கு வீணா அலையணும்னு உக்காந்து சீட்டு விளையாடினோம். வண்டி பள்ளத்துல விழாம காப்பாத்தினேய்யா!"

அடுத்த மேசையிலும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். "நாங்களும் போகலை" என்றார் ஒருவர், நன்றியோடு. நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய? ஒவ்வொரு மேசையாகப் போய், "யோவ், உங்களைத்தான்யா கேட்டேன், நீங்கதான்யா ஜெயிச்சுக்கிட்டு இருந்தீங்க" என்று கத்தவா முடியும்?

டோரீன் மீனைத் தொடவில்லை.

நவம்பர் 10, சனி

நீ ஓட்டுப் போட்டாயா என்று நேற்று இரவு வண்டியிலேயே டோரீனிடம் கேட்டிருக்கலாம். பயம். இன்று காலையில் அவளாகவே சொன்னாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே.

"நானும் போகலை வெர்னன். பூட்ஸெல்லாம் மாட்டிக்கிட்டு வாசல்வரைக்கும் போனேன். பெர்கமுக்குத்தான் போடணும்னு இருந்தேன். அப்புறம், நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்னு திரும்பிட்டேன்."

ஊரே சிரித்தபோதும் என் கணக்கை நம்பினவள் இவள் ஒருத்திதான்.

"ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுது, இல்ல?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ரோடு ரொம்ப வழுக்குச்சு. போகாததே நல்லது" என்றேன்.